நக்கிள் ஜாயின்ட் பிரஸ்: காயினிங் வேலைக்கு வாங்கலாமா?

பெயர்ப்பலகையில் 300 டன் என்று பொறித்திருப்பதை மட்டும் பார்த்து பிரஸ் வாங்குகிறவர்கள் ஏமாறுவது நக்கிள் ஜாயின்ட் பிரஸ்ஸில்தான் அதிகம். சாதாரண பவர் பிரஸ்ஸில் கிராங்க் நேராக ராமை (அச்சோடு மேலும் கீழும் போகும் பாகத்தை) தள்ளும். இதில் கிராங்க் தள்ளுவது முழங்கால்போல மடங்கி நிமிரும் இரண்டு இணைப்புகளை. அவை நிமிர நிமிர ராமின் வேகம் குறையும், விசை ஏறும்; ராம் இறங்கும் கடைசி இடமான அடிப்புள்ளியில் அது ஏறக்குறைய நின்று அழுத்தும். உலோகம் அச்சின் நுண்ணிய பள்ளங்களுக்குள் ஏறுவது அப்போதுதான். ஜெர்மனியின் ஊல்ஹோர்ன் 1817-ல் நாணய பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பு, அக்கசாலைகளில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

முழு டன்னேஜ் கிடைப்பது அடிப்புள்ளிக்கு மேலே சில மில்லிமீட்டருக்குள் மட்டும். அதற்கு மேலே விசை சட்டென்று சரியும். காயினிங் (அச்சில் அழுத்தி உருவம் பதிப்பது), சைசிங் (அழுத்தித் தடிப்பைத் துல்லியமாக்குவது), கரண்டிப் பிடியில் பூவேலை, இவற்றுக்கு அது போதும். தகட்டைக் கிண்ணம்போல இழுக்கும் ஆழமான டிராயிங்குக்கு இதை வாங்கினால் பணம் வீண்.

எத்தனை டன் தேவை? பரப்பை அழுத்தத்தால் பெருக்குங்கள். 25 மி.மீ. பித்தளை மெடலின் பரப்பு 491 சதுர மி.மீ. சதுர மி.மீட்டருக்கு 1000 நியூட்டன் என்று வைத்தால் சுமார் 50 டன். துருப்பிடிக்காத எஃகுக்கு 1500 என்று வைத்தால் 75 டன் ஆகும். எழுத்து கூர்மையாக வேண்டுமென்றால் இதற்கு மேல் 30 சதவீதமாவது கையிருப்பு இருக்கட்டும். சி-ஃபிரேம் பிரஸ்ஸை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். சுமையில் அதன் வாய் சற்று விரியும். மெடல் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் வரும். இரண்டு பக்கமும் தூண் உள்ள ஃபிரேம்தான் சரி.

பழைய மெஷின் என்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மேசையின் நான்கு மூலையிலும் ஒரே உயரமுள்ள ஈயத் துண்டு வைத்து ஒரு ஸ்ட்ரோக் அடித்து, மைக்ரோமீட்டரில் அளந்தால் ராமின் சாய்வு தெரிந்துவிடும். அடுத்து இணைப்புகள் மடங்கும் இடத்திலுள்ள நக்கிள் பின்களும் வெண்கல புஷ்களும். இவை முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடுவதால் எண்ணெய்ப் படலம் எளிதில் நிற்காது, முதலில் தேய்வது இவைதான். வழியும் கிரீஸைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறத் தூள் மின்னினால், புஷ் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஓடும்போது வரும் பெரிய தலைவலி, இரண்டு பிளாங்க் (இன்னும் அடிக்காத வெறும் தகடு) ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது. ராம் அடிப்புள்ளியில் சிக்கிக்கொண்டால் கிளட்சால் மட்டும் அதை விடுவிக்க முடியாது. ஹைட்ராலிக் ஓவர்லோடு பாதுகாப்பு இருந்தால் அழுத்தத்தை விடுவித்து வெளியே எடுக்கலாம். அடிப்புள்ளியின் உயரத்தைச் சரிசெய்யும் ஆப்பு மட்டும் உள்ள பழைய மாடலில் ஆப்பைப் பின்னால் இழுக்க வேண்டும். அதுவும் இறுகிவிட்டால் அச்சை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஓவர்லோடு பாதுகாப்பு இல்லாத மெஷினை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உருவம் நிரம்பவில்லை என்றதும் ஆப்பை இறக்கி அழுத்தத்தைக் கூட்டுவது கெட்ட பழக்கம். பெரும்பாலும் குற்றவாளி அச்சின் பள்ளத்தில் தேங்கிய எண்ணெய். அது சுருங்காது, உலோகத்தையும் உள்ளே விடாது. துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பிளாங்க் சரியாக அனீல் ஆகவில்லை (சூடாக்கி மென்மையாக்கப்படவில்லை) என்றாலும் இதே கோளாறுதான். விளிம்பில் பிசிறு வந்தால் பிளாங்கின் எடையையும், அதைச் சுற்றி நிற்கும் வளையமான காலரின் இடைவெளியையும் சோதியுங்கள். காலையில் மெஷின் சூடாகும்வரை தடிப்பு நகரும். ஆப்பின் முதல் செட்டிங்கை நம்பி ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிக்காதீர்கள்.

மாதம் சில நூறு மெடல் மட்டும் அடிப்பவருக்கு இது அதிகம். புடைப்பு உயரமான உருவத்தை இரண்டு மூன்று முறை அடிக்க ஃபிரிக்‌ஷன் ஸ்க்ரூ பிரஸ் மலிவாகவும் வசதியாகவும் இருக்கும்; ஆனால் தடிப்பு ஆபரேட்டரின் கையில்தான். ஒரே தடிப்பில் லட்சக்கணக்கில் டோக்கன் தள்ள வேண்டியவருக்கு நக்கிள் ஜாயின்ட், கொடுக்கும் விலைக்குத் தகும்.