மெத்தியோனின்: மீன்தூளா, வெள்ளைப் பொடியா, திரவமா?

"ஏனுங்க, பொடியைவிடத் திரவம் கிலோவுக்கு அஞ்சுல ஒரு பங்கு குறைச்சலா வருதே, மாத்திக்கலாங்களா?" நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கும் ஒருவர் போனில் கேட்டது இது. சொந்தமாக மிக்சர் வைத்துத் தீவனம் அரைப்பவர். அவர் கேட்டது மெத்தியோனினைப் பற்றி. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த மாலை, மெத்தியோனின் அந்த அமினோ அமிலங்களில் ஒன்று, தீவனத்தில் தனியாகச் சேர்ப்பது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், கோழிக்கு என்ன குறைகிறது? 1 டன் லேயர் (முட்டைக்கோழி) தீவனத்தில் மக்காச்சோளம் 600 கிலோ, சோயாப் புண்ணாக்கு 230 கிலோ, எண்ணெய் எடுத்த தவிடு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி சுண்ணாம்புக் கல்லும் தாது உப்பும். மக்காச்சோளத்தில் மெத்தியோனின் சுமார் 0.18 சதவீதம், சோயாவில் 0.62 சதவீதம். தவிட்டையும் சேர்த்து எல்லாம் கூட்டினால் டன்னுக்கு ஏறக்குறைய 2.6 கிலோ தேறும். ஆனால் நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு 420 மில்லிகிராம் வேண்டும். அதாவது டன்னுக்கு 3.8 கிலோ. ஆக, 1.2 கிலோ துண்டு விழுகிறது. புரதம் 16 சதவீதத்துக்கு மேல் இருந்தும் இந்த நிலைமை.

பூக்கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். கூடை நிறைய மல்லிகை இருக்கும், இடையில் வைக்கும் மருக்கொழுந்து தீர்ந்துபோகும். அந்த மாலை அங்கேயே நிற்கும். கோழி உடம்பில் புரதம் கோர்ப்பதும் அப்படித்தான். மக்காச்சோளம்-சோயா தீவனத்தில் முதலில் தீர்வது மெத்தியோனின், அடுத்தது லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம். (பன்றிக்கு முதலில் லைசின்தான்.) மிஞ்சிய அமினோ அமிலங்களை உடம்பு சேர்த்து வைக்காது. எரித்துவிட்டு, அதிலிருக்கும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடும். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதே, அந்த அம்மோனியா இதிலிருந்து வருவதுதான். சோயாவுக்குக் கொடுத்த காசும் அதோடு போகிறது.

மெத்தியோனினுக்கு வேறு வேலைகளும் உண்டு. உடம்பில் மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு) தேவைப்படும் இடங்களுக்கெல்லாம் அதைக் கொடுப்பது முக்கியமாக மெத்தியோனின்தான். கொடுத்து முடித்த பிறகு ஒரு பகுதி சிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக மாறி இறகுக்குப் போகிறது. பற்றாக்குறை வந்தால் முட்டை எடை முதலில் இறங்கும், பிறகு இறகு சொதப்பும்.

சரி, இந்த 1.2 கிலோவை எதை வைத்து நிரப்புவது?

சோயாவைக் கூட்டலாமே என்பார்கள். மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு சோயா போட்டால் கிலோவுக்கு நிகர லாபம் 4.4 கிராம் மெத்தியோனின்தான். அப்படியானால் 270 கிலோ கூடுதலாகப் போடவேண்டும். புரதம் 26 சதவீதத்தைத் தாண்டும், எரிசக்தி விழும். இது கணக்கிலேயே நிற்காது. 2021இல் சோயா விலை ஏறிய ஏற்றத்தில், மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசே அனுமதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சரக்கை நம்பி இந்த ஓட்டையை அடைக்கக் கூடாது.

மீன்தூள் உண்மையிலேயே நல்ல பொருள். 60 சதவீதம் புரதம் உள்ள தரமான தூளில் மெத்தியோனின் 1.7 சதவீதம் அளவுக்கு இருக்கும், லைசினும் தாராளம். டன்னுக்கு 80 கிலோ போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் தூள் இல்லை. உப்பும் மணலும் கலந்த கருவாட்டுத் தூள். உப்பு ஏறினால் கோழி தண்ணீராய்க் குடித்து எச்சம் சொதசொதவென்று போகும், ஈ மொய்க்கும். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பயமும் உண்டு, முட்டையில் வாடையும் ஏறலாம். எள்ளுப் புண்ணாக்கிலும் மெத்தியோனின் நன்றாக இருக்கிறது, லைசின்தான் குறைவு. சோயாவோடு சேர்த்தால் நல்ல ஜோடி. விலைதான் ஒத்துவராது.

வெள்ளைப் பொடி, அதாவது டிஎல்-மெத்தியோனின், 99 சதவீதம் சுத்தம். 1.2 கிலோ குறைந்தால் 1.2 கிலோ போட்டால் முடிந்தது. இதில் பாதி எல் வடிவம், பாதி அதன் கண்ணாடிப் பிம்பமான டி வடிவம். டி வடிவத்தைக் கோழி நேராகப் பயன்படுத்தாது. உடம்பில் உள்ள நொதிகள் அதை முதலில் கீட்டோ அமிலம் என்ற இடைப்பொருளாக்கி, பிறகு எல் வடிவமாகத் திருப்பிவிடும். கோழி இதில் கெட்டிக்காரி, ஏறக்குறைய முழுவதையும் மாற்றிக்கொள்ளும். அதனால், நுண்ணுயிரை வைத்து நொதிக்கச் செய்து எடுக்கும் சுத்த எல்-மெத்தியோனினுக்குக் கூடுதல் விலை கொடுப்பது முட்டைக்கோழிக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. கலப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு கோழியின் பங்கு நாளுக்கு 130 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. நேராக மிக்சரில் கொட்டாமல், பத்துக் கிலோ தவிட்டில் முன்கூட்டியே கலந்து போடுங்கள்.

இப்போது சண்டைக்குரிய சரக்கு. திரவம் என்று விற்பது மெத்தியோனினே இல்லை. அதன் ஹைட்ராக்சி வடிவம். நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி இருக்கவேண்டிய இடத்தில் ஹைட்ராக்சி தொகுதி இருக்கிறது. கோழி தன் உடம்பிலுள்ள வேறொரு அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனை வாங்கி இதை மெத்தியோனினாக்கிக்கொள்ளும். கேனில் 88 சதவீதம் சரக்கு, 12 சதவீதம் தண்ணீர். அந்தச் சரக்கிலும் ஒரு பங்கு இரண்டு மூன்று மூலக்கூறுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும், அது மெதுவாகத்தான் உறிஞ்சப்படும். எனவே 100 கிலோ திரவம் எத்தனை கிலோ பொடிக்குச் சமம்? திரவம் விற்பவர்கள் 88 என்கிறார்கள், பொடி விற்பவர்கள் 65 என்கிறார்கள். பல வருஷமாக இரு தரப்பும் ஆய்வுக் கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு மோதுகின்றன. நான் 75 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

போன் செய்தவரின் கணக்கு இப்படி வருகிறது. 75 என்று பார்த்தால் 1.2 கிலோ பொடிக்குப் பதில் 1.6 கிலோ திரவம். விலை பொடியில் 80 சதவீதம் என்றால், செலவு 1.28 கிலோ பொடிக்கு ஈடு. நஷ்டம். 88 உண்மை என்றால் 1.09, லாபம். 65 என்றால் 1.48, நல்ல அடி. இதற்கு மேல், அது கடும் அமிலம். எவர்சில்வர் தொட்டி வேண்டும், அளந்து தெளிக்கும் பம்பு வேண்டும், கையில் பட்டால் புண்ணாகும். நாளுக்கு நூற்றுக்கணக்கான டன் அரைக்கும் பெரிய தீவன ஆலைக்கு அது வசதி, மூட்டை தூக்க ஆள் மிச்சம். தீவனத்தில் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும். சொந்த மிக்சர்காரருக்குப் பொடிதான்.

மெத்தியோனினுக்குப் பதில் என்று சொல்லி விற்கும் மூலிகைப் பொடி, அதாவது மூலிகை மெத்தியோனின் பற்றியும் கேட்டார். ஆய்வகத்தில் அளந்து காட்டமுடியாத ஒன்றை முழு மாற்றாக நான் வைக்கமாட்டேன்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். ஏப்ரல், மே வெயிலில் கோழி 95 கிராம்தான் தின்னும். அதே 420 மில்லிகிராம் போகவேண்டும் என்றால் தீவனத்தில் 0.44 சதவீதம் இருக்கவேண்டும். அப்போது புரதத்தை ஏற்றாதீர்கள், மிச்சப் புரதத்தை எரிப்பதே உடம்புச் சூட்டைக் கூட்டும், பொடியைக் கூட்டுங்கள். வயசான பேட்சுக்கு இதற்கு நேர்மாறு, கொஞ்சம் குறைக்கலாம். முட்டை பெருத்தால் ஓடு மெலிந்து உடையும், நமக்கு விலையும் எண்ணிக்கைக்குத்தான், எடைக்கு இல்லை.

"அப்பப் பொடியே இருக்கட்டுங்க. கலப்படம் இருந்தாக் கண்டுபிடிக்கறது எப்படிங்க?" என்றார். பழைய எவர்சில்வர் கரண்டியில் ஒரு சிட்டிகை எடுத்து, வீட்டுக்கு வெளியே வைத்து அடுப்பில் நன்றாகக் காய்ச்சுங்கள். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றத்தோடு கருகி, எரிந்து, ஒன்றுமில்லாமல் போகவேண்டும். வெள்ளைச் சாம்பல் மிஞ்சினால் யாரோ சுண்ணாம்போ உப்போ கலந்திருக்கிறார்கள்.