இஇஜிலேபா, எம்என்இ-யா? பழைய ஃபைலைத் திறக்கப் போனவனின் கணக்கு

தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவதுதான் இ.இ.ஜி. அந்தப் பதிவுகளை அலசும் மென்பொருள்கள்தான் இஇஜிலேபும் எம்என்இ-யும். அப்படி அலசி நான் எழுதிய ஆய்வுக்கட்டுரையை மதிப்பிட்ட ரெவ்யூவர் கேட்டது இரண்டே வரி. 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை எல்லாம் வெட்டிவிட்டீர்கள், அதில் பி300 அலையின் வடிவம் கெட்டிருக்கலாம், 0.1 ஹெர்ட்ஸில் வெட்டி மறுபடி செய்து காட்டுங்கள். நியாயமான கேள்விதான். பி300, கவனித்துக் கேட்கும் ஒலிக்கு மூளை தரும் பதில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் அலை. மெதுவான அலைகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை இறுக்கினால் அதன் உயரம் குறையும், அலைக்கு முன்னால் இல்லாத பள்ளம் ஒன்றும் முளைக்கும்.

அதைச் செய்து அனுப்ப எனக்கு ஏழு வாரம் ஆனது. அதில் முதல் ஐந்து வாரம் ஒரு கணக்கும் ஓடவில்லை, ஏனென்றால் இஇஜிலேப் ஓடத் தேவையான, காசு கொடுத்து வாங்கும் மேட்லேப் மென்பொருள் திறக்கவில்லை. எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிப்பது வழக்கம். அந்த வருடம் அந்தக் கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இஇஜிலேப் இலவசம்தான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் நாற்காலி இலவசம் இல்லை.

அந்த ஐந்து வாரத்தில்தான் எம்என்இ-பைத்தானுக்கு மாறினேன். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, மாறியவன் எழுதுவது. அப்படியே வைத்துப் படியுங்கள்.

இரண்டும் என்ன என்று ஒரு வார்த்தை. இஇஜிலேப், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஆர்னோ டெலோர்மும் ஸ்காட் மேக்கிக்கும் உருவாக்கியது. அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2004-இல் வந்தது. மெனுவைத் திறந்து க்ளிக் செய்து வேலை பார்க்கலாம். எம்என்இ, பாஸ்டனில் மாட்டி ஹமலைனன் எம்.இ.ஜி. (மூளையின் காந்தப்புலத்தைப் பதிவது) தரவுக்காக சி மொழியில் எழுதிய மென்பொருளிலிருந்து கிளைத்தது. அலெக்ஸாண்டர் கிராம்ஃபோர்ட்டும் கூட்டாளிகளும் அதைப் பைத்தானுக்குக் கொண்டுவந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இதில் மெனு கிடையாது, நிரல் (கோடு) எழுத வேண்டும்.

போட்டியில் இன்னும் இரண்டு பேர் உண்டு. நெதர்லாந்தின் டோண்டர்ஸ் நிலையத்திலிருந்து வரும் ஃபீல்டுட்ரிப் புள்ளியியல் பக்கம் பலமானது. ஆனால் அதுவும் மேட்லேப்தான், என் பிரச்சினை தீராது. பிரெய்ன்ஸ்டார்முக்கு மேட்லேப் லைசென்ஸ் இல்லாமலே ஓடும் பதிப்பு இருக்கிறது, மூளையின் எந்த இடத்திலிருந்து அலை வருகிறது என்று பார்ப்பதற்கு நல்ல பெயர். அதை இரண்டு மதியம் திறந்து பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, இஇஜிலேபின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இ.இ.ஜி. என்றால் என்ன என்று கண்ணால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எங்கள் லேபில் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவோம்: தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். பத்தில் மூன்று பேர் தேங்காய் எண்ணெய் பளபளக்கத்தான் வருவார்கள். ஜெல் எவ்வளவு விட்டாலும் அந்த எலெக்ட்ரோடில் இம்பிடன்ஸ் (மின்தடை) இறங்காது. பிறகு திரையில் ஓட்டிப் பார்க்கும்போது மற்ற சேனல், அதாவது மற்ற எலெக்ட்ரோடுகளின் பதிவு, எல்லாம் அமைதியாகப் போகும், அது ஒன்று மட்டும் குடிகாரன் நடை நடக்கும். அந்தக் காட்சியை இஇஜிலேப் ஜன்னலில் பார்த்துப் பழகியதால்தான் இன்றைக்குக் கெட்ட சேனலை ஒரு பார்வையில் சொல்ல முடிகிறது.

அதோடு ஐ.சி.லேபிள் என்ற செருகுநிரல். கலந்து கிடக்கும் அலைகளைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் கணக்குக்குப் பெயர் ஐ.சி.ஏ. தரவை அதன் வழியாகப் பிரித்த பிறகு ஒவ்வொரு காம்பொனன்டும் மூளையா, தசையா, கண்ணா, இதயமா, மின்கம்பி இரைச்சலா, சேனல் கோளாறா, வேறு ஏதாவதா என்று ஏழு வகையில் சதவீதம் போட்டுத் தரும். நெற்றிப்பக்கம் மட்டும் சிவந்திருக்கும் தலைப்படம், பக்கத்தில் கண் என்று பெரிய சதவீதம். முதல் வருட மாணவருக்கும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பைத்தானுக்கும் இது வந்துவிட்டது. ஆனால் இஇஜிலேப் அடுக்கிக் காட்டுகிற அழகு அங்கே இல்லை.

மேலோட்டமான மற்ற விஷயங்களில் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். நினைவகம் இரண்டுமே தின்னும்: 64 சேனல், விநாடிக்கு 1000 சாம்பிள், ஒரு மணி நேரப் பதிவு என்றால் 23 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் ஏறக்குறைய 1.8 ஜி.பி. ஒரு நகல் எடுத்தால் இரட்டிப்பு. 8 ஜி.பி. மடிக்கணினி வைத்திருப்பவர் எதை எடுத்தாலும் மூச்சு வாங்கத்தான் வேண்டும்.

இப்போது என் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. மென்பொருளைப் பராமரிப்பதைப் பற்றிச் சொல்லவில்லை, நீங்கள் செய்த அலசலைப் பராமரிப்பதைப் பற்றி. ஆய்வுத் தரவின் ஆயுள் விசித்திரமானது. சேகரிக்க ஆறு மாதம், அலச மூன்று மாதம், எழுத ஒரு வருடம், பிறகு ரெவ்யூ என்று இன்னொரு வருடம். நீங்கள் க்ளிக் செய்த நாளுக்கும் ஏன் அப்படி க்ளிக் செய்தீர்கள் என்று ஒருவர் கேட்கும் நாளுக்கும் நடுவே இரண்டு வருடம் போயிருக்கும். க்ளிக் செய்த ஜூனியர் வேலை கிடைத்து ஊருக்கே போயிருப்பான்.

எனக்கு நடந்தது அதுதான். 26 பேரின் தரவு, 32 சேனல். கோப்புறையைத் திறந்தால் ஆளுக்கு நாலைந்து ஃபைல்: ஃபைனல், ஃபைனல்-2, புதுசு, புதுசு-சரி. இஇஜிலேப் ஒரு பதிவை இரண்டு ஃபைலாகவும் சேமிக்கும், விவரம் ஒன்றில், எண்கள் இன்னொன்றில். பதினோராவது ஆளுக்கு விவரம் மட்டும் பென் டிரைவில் வந்திருந்தது, எண்கள் பழைய கணினியோடு போயிருந்தன. நல்லவேளை, மூலப் பதிவு இருந்தது. ஆனால் எந்த சேனலைத் தூக்கினோம், எந்த காம்பொனன்டை விலக்கினோம் என்பது ஜூனியரின் நோட்டுப் புத்தகத்தில் பாதி, என் நினைவில் பாதி.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இது இஇஜிலேபின் குற்றம் இல்லை, என் சோம்பல். மெனுவில் செய்கிற ஒவ்வொன்றையும் அது கட்டளையாகக் குறித்துவைக்கிறது, அந்த வரலாறு ஃபைலுக்குள்ளேயே பதிகிறது. மேட்லேப் இல்லாத அந்த ஐந்து வாரத்தில் ஃபைல்களைப் பைத்தானில் பிரித்து, அந்த வரலாற்றை வரி வரியாகப் படித்துத்தான் பாதிக் கதையை மீட்டேன். அதையே ஸ்கிரிப்டாக எழுதிவைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் க்ளிக் செய்ய முடியும்போது யார் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள்? எம்என்இ-யில் வேறு வழி இல்லை என்பதால் எழுதுகிறோம். சௌகரியம் இல்லாததே அங்கே பாதுகாப்பு.

ரெவ்யூவர் கேட்ட வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.ஏ.வுக்கு 1 ஹெர்ட்ஸ் ஃபில்டர் நல்லது, பி300-க்கு 0.1 நல்லது. இரண்டையும் சமாளிக்கும் வழக்கமான உத்தி, 1 ஹெர்ட்ஸில் வெட்டிய நகலில் ஐ.சி.ஏ.வைக் கற்பித்து, கிடைத்த எடைகளை (அலைகளைப் பிரிக்கும் எண்களை) 0.1 ஹெர்ட்ஸ் தரவின் மீது போடுவது. இஇஜிலேபிலும் முடியும், செய்திருக்கிறேன். மெனுவில் ஆளுக்கு இருபது நிமிடம், 26 பேருக்கு ஒரு வேலை நாளுக்கும் மேல், நடுவில் தவறான தரவுத்தொகுப்பு தேர்வாகிவிடக் கூடாது என்ற பதைப்பு வேறு. எம்என்இ-யில் ஒரு வரி நகலெடுக்கிறது, ஒரு வரி கற்கிறது, ஒரு வரி போடுகிறது. எண்ணை மாற்றி, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் 26 படங்கள் வரிசையாக இருந்தன.

மேட்லேப் வேண்டாத இஇஜிலேப் பதிப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மெனு வேலைக்குப் போதும். என் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்றபோது அது உதவவில்லை. மேட்லேப் போலவே இயங்கும் இலவச மென்பொருளான ஆக்டேவிலும் முயன்றேன்; கட்டளைகள் ஓரளவு ஓடின, ஜன்னல்கள் தகராறு செய்தன.

எம்என்இ சும்மா வரவில்லை, என்னிடமும் கட்டணம் வாங்கியது. முதல் வாரமே ஒரு கூத்து. வெறும் எண் வரிசையாக இருந்த பழைய தரவை உள்ளே ஏற்றினேன். எபாக்குகளாக, அதாவது ஒலி கேட்ட நொடியைச் சுற்றி வெட்டிய துண்டுகளாகப் பிரித்து, 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டியவற்றை நீக்கச் சொன்னேன். மிச்சம்: பூஜ்யம். அரை நாள் தலையைச் சொறிந்த பிறகுதான் தெரிந்தது, இஇஜிலேப் மைக்ரோவோல்ட்டில் பேசும், எம்என்இ வோல்ட்டில் பேசும். என் ஆட்களின் மூளையில் 20 வோல்ட் ஓடுவதாக அது நம்பியிருக்கிறது. இஇஜிலேப் ஃபைலை நேரடியாகப் படித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும், கையால் ஏற்றினால் பத்து லட்சத்தால் வகுப்பது நம் பொறுப்பு.

இன்னொன்று, எம்என்இ-யில் ஃபில்டர் போட்டால் அது மூலத்தையே மாற்றும். நகல் வேண்டுமென்றால் முன்னாலேயே கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் 50 ஹெர்ட்ஸ் விஷயம். பயிற்சிப் பாடங்களின் மாதிரித் தரவு பாஸ்டனில் எடுத்தது, அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த நிரலை அப்படியே ஒட்டினால் நம் ஊர் ட்யூப்லைட்டின் இரைச்சல் ஜாம் ஜாம் என்று உட்கார்ந்திருக்கும்.

பைத்தான் உலகத்துக்கே உரிய நோயும் உண்டு: பதிப்பு மாறினால் கோடு முறியும். எம்என்இ 1.2-இல் பவர் ஸ்பெக்ட்ரம் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். பழையது சில காலம் எச்சரிக்கையோடு ஓடியது, பிறகு போய்விட்டது. மேட்லேப் இந்த விஷயத்தில் பெரிய மனுஷன், பத்து வருடக் கோடும் பெரும்பாலும் ஓடும். ஆக, பராமரிப்பு என்று பேசிவிட்டு இதை மறைத்தால் அது மோசடி. நான் செய்வது, ஒவ்வொரு ஆய்வுக்கும் தனிச் சூழல், அதில் இருக்கும் எல்லாத் தொகுப்புகளின் பதிப்பு எண்ணையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதித் தரவோடு வைப்பது. ஐந்து நிமிட வேலை. அந்த ஃபைலைத் தொலைத்தால் எம்என்இ-யும் என்னைக் காப்பாற்றாது.

இரண்டையும் ஒரே ஆளின் தரவில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். −200 முதல் 800 மில்லி விநாடி வரை, விநாடிக்கு 500 சாம்பிள் வீதம் வெட்டினால் இஇஜிலேப் 500 புள்ளி தரும், எம்என்இ 501 தரும், கடைசிப் புள்ளியைச் சேர்த்துக்கொள்வதால். ஐ.சி.ஏ. முறையும் தானாக ஒன்றாக இருக்காது: இஇஜிலேப் இன்ஃபோமேக்ஸ், எம்என்இ ஃபாஸ்ட்ஐசிஏ. எக்ஸ்டென்டட் இன்ஃபோமேக்ஸ் என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, பி300 உச்சியின் நேரமும் உயரமும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒட்டி வந்தன. ஐ.சி.லேபிள் எதிர்பார்ப்பதும் அந்த முறையில் பிரித்த, 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையான தரவைத்தான். நான் முதலில் 40 ஹெர்ட்ஸில் வெட்டிய தரவைக் கொடுத்துவிட்டு, தசையை ஏன் சரியாகப் பிடிக்கவில்லை என்று கோபப்பட்டேன்.

என் அனுபவம் இவ்வளவுதான்: காதில் ஒலி கேட்டுப் பட்டனை அழுத்தும் சோதனைகள், 32 சேனல், ஆரோக்கியமான பெரியவர்கள். எம்.இ.ஜி. கருவியை நேரில் பார்த்ததுகூட இல்லை. வலிப்பு நோயாளிகளின் நீண்ட பதிவுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவருக்கு இரண்டில் எதையுமே சிபாரிசு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. கருவியோடு வரும் மென்பொருள்தான் அவருக்குக் கைப்பழக்கம். குழந்தைகளின் தரவு, அசைவு நிறைந்த தரவு இவற்றிலும் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள்.

உங்கள் கல்லூரியில் மேட்லேப் உறுதியாக இருக்கிறது, கைடுக்கு இஇஜிலேப் தண்ணீர் பட்ட பாடு, உங்களுக்கு இருப்பது ஆறு மாத எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றால் அதிலேயே செய்யுங்கள். செய்து முடிக்கும் நாளன்று வரலாற்றை மட்டும் தனி ஃபைலாக எடுத்துவையுங்கள். பிஎச்.டி.யின் முதல் வருடத்தில் இருக்கிறீர்கள் என்றால் எம்என்இ பக்கம் வாருங்கள்.

சொந்தத் தரவு இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். பிசியோநெட் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் 109 பேரின் 64 சேனல் பதிவுகள் இலவசமாக இருக்கின்றன, கையை அசைப்பதும் அசைப்பதாகக் கற்பனை செய்வதும். எம்என்இ ஒரே வரியில் அதை இறக்கித் தரும். சேனல் பெயர்களின் வாலில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், எலெக்ட்ரோடு வரைபடத்தோடு பொருந்தாது என்று பிழை காட்டும். பயப்படாதீர்கள், அதைச் சரிசெய்யவும் கூடவே ஒரு வரி இருக்கிறது.