'டோப்' எனும் உரைகல்லில் மூன்று இணைய அகராதிகள்

ஆங்கிலக் கொச்சைச் சொல் ஒன்று புரியவில்லையென்றால் பலரும் முதலில் ஓடுவது அர்பன் டிக்‌ஷனரிக்குத்தான். உண்மையில் அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும். யார் வேண்டுமானாலும் விளக்கம் எழுதலாம், வாசகர்களும் ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாடு அது. நேற்று முளைத்த வழக்குக்கு அதைப்போல வேறில்லை. ஆனால் வழக்கொழிந்த பொருளுக்கு அங்கே ஓட்டுப் போட ஆளிருக்காது.

'டோப்' (dope) என்ற சொல்லைத் தேடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சொற்பிறப்பைச் சொல்லும் எட்டிம்ஆன்லைன் தளம் ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டுகிறது. டச்சு மொழியில் 'டோப்' என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பு. 1807-இல் அமெரிக்க ஆங்கிலத்தில் அதே பொருளோடு நுழைந்து, 1851-இல் மந்தபுத்திக்காரனைக் குறித்தது. பாதிக் குழம்பாகக் காய்ச்சிய அபினைப் புகைத்த பழக்கத்தால் 1889-இல் போதைப்பொருளானது. எந்தக் குதிரைக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவன் பந்தயத்தில் ஜெயிப்பான். அதிலிருந்து 1901-இல் 'உள்தகவல்' என்ற பொருள் பிறந்திருக்கலாம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதற்குக் காரணமும் கிடைப்பதுதான் இந்தத் தளத்தின் பெரிய பலம். வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்பதை மட்டும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

அதற்கு ஆங்கில விக்சனரி (Wiktionary). பொருளுக்கு முன் அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எண்ணக்கூடிய பெயரா, எண்ண முடியாததா, கொச்சையா, எந்தத் துறைக்குரியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு முன் வரும் ஒரு 'எ' (a) தலையெழுத்தையே மாற்றிவிடும். 'ஹி இஸ் டோப்' என்றால் அசத்தலான ஆள்; 'ஹி இஸ் எ டோப்' என்றால் மடையன். 'கிவ் மீ த டோப்' என்று கேட்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் செய்திதான். அதைப் போதைப்பொருள் என்று மொழிபெயர்த்தால் காட்சியே கெட்டுவிடும்.

துறைசார்ந்த பொருள்களும் இந்தச் சொல்லுக்கு உண்டு. பழைய விமானங்களின் துணி இறக்கையை இறுக்கி விறைப்பாக்கப் பூசிய அரக்குப்பூச்சும் டோப்தான். மின்னணுச் சில்லு செய்யும் சிலிக்கனில் போரானோ பாஸ்பரஸோ துளியளவு சேர்ப்பது டோப்பிங்.

'அருமை' என்ற பொருள் 1980-களில் ஹிப்ஹாப் வழியாகப் பரவியது. ஆகவே 1940-இல் நடக்கும் கதையில் இந்தச் சொல் வந்தால், அந்தப் பொருளை முதலில் தள்ளிவிட்டு மற்றவற்றைப் பொருத்திப் பாருங்கள்.