முதல் பாட்டை எடுக்கும்போது இடது கையைப் பாருங்கள்: மூன்றரை வருட பியானோ அனுபவம்

பியானோ கற்க ஆரம்பித்து மூன்றரை வருடம் ஆகிறது. இதுவரை எடுத்த பாட்டுகளில் பாதிக்கு மேல் இன்று விரலில் இல்லை, மூன்று மட்டும் தூக்கத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் வரும். எது நின்றது எது போனது என்று உட்கார்ந்து யோசித்தால் ஒரே காரணம்தான் தெரிகிறது. வலது கையின் மெட்டில் மயங்கி எடுத்தவை எல்லாம் பாதியில் நின்றுவிட்டன, இடது கைக்கு என்ன வேலை என்று பார்த்து எடுத்தவை தங்கிவிட்டன.

நான் முதலில் எடுத்தது பீத்தோவனின் ஃபியூர் எலிசே. ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப் என்று (ஈ, டி எல்லாம் ஸ்வரங்களின் பெயர், ஷார்ப் என்றால் அதற்கு அரை ஸ்வரம் மேலே) பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் விரல் ஆடும் அந்த ஆரம்பம் ஒரே நாளில் வந்துவிடும், முதல் பகுதி முழுக்க எனக்கு ஒரு மாதத்தில் வந்தது. அதற்கு அப்புறம்தான் சிக்கல். வலது கை திடீரென்று வேகம் பிடிக்கிறது, அதைத் தாண்டி இன்னொரு பகுதிக்குப் போனால் இடது கை ஒரே ஏ கட்டையை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க, வலது கையில் கார்டுகள், அதாவது ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டங்கள், நகர வேண்டும். என் மணிக்கட்டு இறுகி வலிக்க ஆரம்பித்தது. நான்கு மாதம் போராடிவிட்டு மூடி வைத்தேன். ஆரம்பத்தை மட்டும் பார்த்து முழுப் பாட்டையும் எடை போட்டுவிட்டேன்.

அடுத்து மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதி. மெதுவாகத்தானே போகிறது, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பாட்டு முழுக்க நான்கு ஸ்வரங்களை ஷார்ப்பாக வாசிக்க வேண்டும், அதோடு வலது கை ஒன்றே மூன்று மூன்றாக ஓடும் ஸ்வரங்களையும் வாசித்து, மேலே சுண்டுவிரலால் மெட்டைத் தனியாக எடுத்துக் காட்டவும் வேண்டும். என்னிடம் அப்போது இருந்தது 61 கட்டை கீபோர்டு. இரண்டாவது பாரிலேயே (பார் என்றால் இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளச் சுற்று) இடது கை கேட்கும் பி அதில் இல்லை, கீழ்ப்பக்கம் கீபோர்டு அதற்கு அடுத்த சி-யோடு முடிந்துவிடுகிறது. மெதுவான பாட்டு என்றால் சுலபமான பாட்டு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சரி, நின்றவை எவை? ஒன்று, பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனியின் மகிழ்ச்சிப் பாடல் மெட்டு. சி-யிலிருந்து ஜி வரை ஐந்து விரலுக்குள் ஏறக்குறைய முழு மெட்டும் அடங்கிவிடும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் கீழே உள்ள ஜி-க்கு இறங்க வேண்டும். ஒரு வாரம் போதும்.

என்னை உண்மையாக வாசிக்க வைத்தது ஜி மேஜர் மினுவெட் என்ற சின்ன நடன இசைதான். நீண்ட காலம் இசையமைப்பாளர் பாக் எழுதியது என்றே நம்பப்பட்டது, எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும். வலது கைச் சுண்டுவிரலை டி-யிலும் பெருவிரலை ஜி-யிலும் வையுங்கள். டி, அப்புறம் ஜி ஏ பி சி என்று ஏறி, மறுபடி டி, ஜி ஜி. முதல் இரண்டு பாருக்குக் கை அந்த இடத்தை விட்டு நகரவே வேண்டாம். இடது கையோ இரண்டாவது பாரிலிருந்து ஆறாவது வரை பாருக்கு ஒரே ஒரு நீண்ட ஸ்வரம், அழுத்திப் பிடித்தால் போதும். ஏழாவது பாரில்தான் அது நடக்க ஆரம்பிக்கிறது, அதற்குள் வலது கை தானாக ஓடப் பழகியிருக்கும். மொத்தம் 32 பார். எனக்கு ஆறு வாரம் ஆனது, அதில் ஒரு நாள்கூட அலுக்கவில்லை. இரண்டு கையும் தனித்தனியாகப் பேசுகிறது என்பதை முதல்முறை காதால் உணர்ந்தது இதில்தான், அந்தச் சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாவது, பாக்கின் சி மேஜர் பிரெலூட். 35 பார், கடைசி மூன்றைத் தவிர எல்லாப் பாரிலும் ஒரே அமைப்பு: இடது கையில் இரண்டு ஸ்வரம், வலது கையில் மூன்று. அந்த ஐந்தையும் முதலில் ஒன்றாகச் சேர்த்து கார்டாக அழுத்திப் பழகிவிட்டு அப்புறம் பிரித்து வாசியுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

பிடித்த பாடகரின் பாட்டையே முதலில் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆசைதான் நம்மைக் கட்டைமுன் உட்கார வைக்கிறது, அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குரலை வளைத்து இழைத்துப் பாடிய மெட்டு பியானோவில் வெறுமையாகத்தான் கேட்கும், ஒரு கட்டையை அழுத்தியபின் அந்த ஸ்வரத்தை வளைக்க முடியாது. நேராக, ஸ்வரம் ஸ்வரமாக நிற்கும் மெட்டாகப் பார்த்து எடுங்கள்.

எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் இடது கை வரியை முதலில் தனியாக வாசித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் முதல் எட்டு பார் இரண்டு கையும் சேர்ந்து வரவில்லை என்றால் அந்தப் பாட்டை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். போன மாதம் ஃபியூர் எலிசேயை மறுபடி எடுத்தேன். அந்த ஏ கட்டை இடத்தை மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து இடது கையால் மட்டும் தினமும் பத்து நிமிடம் வாசிக்கிறேன், மணிக்கட்டு இப்போது இறுகுவதில்லை.