‘கிவ் மீ’ என்பதா, ‘டு மீ’ என்பதா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் உள்ள காப்பிக் கடையில் “கிவ் மீ த சேஞ்ச்” என்கிறோம். “கிவ் த சேஞ்ச் டு மீ” என்பதும் இலக்கணப்படி சரியே. தமிழில் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ பெறுபவரைக் காட்டிவிடுவதால், ‘எனக்குச் சில்லறையைக் கொடு’ என்றாலும் ‘சில்லறையை எனக்குக் கொடு’ என்றாலும் பொருள் மாறாது. அவ்வுருபு இல்லாத ஆங்கிலத்தில், சொல்லின் இடமோ ‘டு’ என்னும் முன்னிடைச்சொல்லோ அந்த வேலையைச் செய்கிறது.

பேச்சில் முதல் வடிவமே இயல்பாக வரும் என்பது என் கணிப்பு. பொருளை ‘இட்’ என்று சுட்டும்போது மட்டும் “கிவ் இட் டு மீ” என்பதே பொது வழக்கு. பெறுபவரைக் குறிக்கும் தொடர் நீண்டுவிட்டால், அதை ‘டு’வுடன் கடைசியில் வைப்பதே கேட்பவருக்கு எளிது. இடப்பெயருக்கும் முதல் வடிவம் ஒவ்வாது: “சென்ட் த பார்சல் டு தெம்பனிஸ்” என்பது சரி, ஆனால் “சென்ட் தெம்பனிஸ் த பார்சல்” என்றால், தெம்பனிஸ் ஏதோ ஓர் ஆளைப்போலவோ அலுவலகக் கிளையைப்போலவோ தோன்றும்.

உண்மையான சிக்கல் ‘எக்ஸ்பிளெயின்’ போன்ற வினைகளில்தான். ‘எனக்கு விளக்குங்கள்’ என்னும் பழக்கத்தில் நானும் நெடுநாள் “எக்ஸ்பிளெயின் மீ திஸ் ஃபார்ம்” என்றே கேட்டு வந்தேன். பொது ஆங்கிலம் அங்கே “எக்ஸ்பிளெயின் திஸ் ஃபார்ம் டு மீ” என்பதை மட்டுமே ஏற்கும். ‘டோனேட்’டும் (நன்கொடை கொடு) அப்படியே. ‘பை’ (வாங்கு), ‘மேக்’ (செய்) ஆகிய வினைகளுக்கோ ‘டு’ வராது, ‘ஃபார்’ வரும்.