பெரிய வியாழனுக்குப் பித்தளை செட்: வாங்கலாமா?

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் திருப்பலி வழிபாட்டில் குருவானவர் வழக்கமாகப் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். அதற்காக, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்காலம் பாதி தாண்டியதும் கத்தோலிக்க ஆலயப் பொறுப்பில் இருப்பவர்கள் பினாங்கு லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்குவார்கள். "பாதம் கழுவுற செட் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான சாமான்தான்: வாய் அகன்ற பித்தளைப் பேசின், நீண்ட மூக்கு வைத்த கெண்டி, மடக்கி விரிக்கும் மரத் தாங்கி, தங்க ஜரிகையில் சிலுவை தைத்த இரண்டு வெள்ளைத் துண்டு. விலை சில நூறு ரிங்கிட். பார்க்க அம்சமாக இருக்கும். பீடத்தின் முன் வைத்தால் விளக்கொளியில் தகதகவென்று மின்னும். ஆனால் பாதம் கழுவ உதவாது.

அளவிலிருந்தே பார்ப்போம். பேசினின் வாய் 32 செ.மீ., அடி 22 செ.மீ., ஆழம் 8 செ.மீ. விளிம்பு வரை ஊற்றினால் நாலரை லிட்டர் பிடிக்கும். தூக்கி நகர்த்த வேண்டுமானால் 3 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நிறைகுடம்தான் தளும்பாது, நிறைந்த பேசின் தளும்பும். ஒரு பாதத்தைச் சரியாக நனைத்துக் கழுவ 200 மி.லி. வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒற்றைக் கால் மட்டும் என்றால் இரண்டரை லிட்டர், சமாளித்துவிடலாம். இரண்டு காலும் என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். எட்டாவது ஆளிடம் வரும்போதே அழுக்குத் தண்ணீர் எல்லை தாண்டிவிடும். வெறும் பேசின் 2 கிலோ, தண்ணீரோடு 5 கிலோ. அதைப் பளிங்குத் தரையில் தூக்கிக்கொண்டு நடப்பவன் பத்துப் பதினோரு வயதுப் பீடச் சிறுவன். நாற்காலி வரிசையின் நடுவில் தண்ணீர் சிந்தினால் அடுத்து வழுக்குவது குருவானவரின் கால்.

கெண்டியின் மூக்கு அழகுக்காக ஒடுக்கமாக வார்க்கப்பட்டிருக்கிறது. நூல் போலத்தான் தண்ணீர் விழும். அதனால் பாதத்தின் மேல் மூன்று சொட்டுத் தெளித்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்வதே வழக்கமாகிவிடுகிறது. கழுவுவது போய்த் தீர்த்தம் தெளிப்பதாக முடிகிறது.

துண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாட்டின் துணி ஈரத்தை உறிஞ்சாது, தள்ளிவிடும். ஜரிகை, வெடித்த குதிகாலில் சிக்கி இழுக்கும். எல்லாவற்றையும் விட, துண்டின் நடுவிலேயே சிலுவை. சிலுவை தைத்த இடத்தில் குதிகாலை வைக்க எந்தத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் மனம் வராது. உட்கார்ந்திருப்பவர் காலைச் சற்று விலக்குவார், துடைப்பவரும் ஓரத்தால் ஒற்றிவிட்டுப் போய்விடுவார். வடிவமைத்தவர் இதை ஒருமுறையாவது காலில் வைத்துப் பார்த்திருந்தால் பூவேலையை விளிம்புக்குத் தள்ளியிருப்பார்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். இது அடிப்படையில் பாதபூஜைத் தட்டு. திருமணத்திலும் மற்ற விசேஷங்களிலும் பிள்ளைகள் பெற்றோரின் பாதத்தையும், மாணவர் குருவின் பாதத்தையும் கழுவ நம் வீடுகளில் காலங்காலமாகப் பயன்படும் பாத்திரம். அங்கே இளையவர் மூத்தவரை மதிக்கிறார். மதிப்பைக் காட்டப் பித்தளையும் பூவும் பன்னீரும் பொருத்தம். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் திசை தலைகீழ். குருவான இயேசுவே எழுந்து, மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடியில் குனிகிறார். பேதுரு பதறி மறுப்பதும் அதனால்தான். பேதுருவே அவர் காலைக் கழுவச் சொல்லப்பட்டிருந்தால் ஓடிவந்து செய்திருப்பார்.

லூக்கா இன்னொன்றைப் பதிவு செய்கிறார். அதே இராவுணவுப் பந்தியில்தான் சீடர்களுக்குள் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் எழுந்தது (22:24). அதற்கு முன்பே செபதேயுவின் மகன்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். "பிள்ளை மேலே வந்துட்டான்" என்று நம் வீடுகளில் சொல்லும்போது எதை எண்ணுகிறோமோ, டாக்டர் படிப்போ டத்தோ என்ற கௌரவப் பட்டமோ, அதே கணக்கைத்தான் அவர்களும் போட்டார்கள். இயேசுவின் கணக்கு வேறு. தந்தை எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகே அவர் துண்டை எடுக்கிறார் என்கிறார் யோவான். தாழ்வு மனப்பான்மையில் குனிந்தவர் இல்லை அவர். இழக்க எதுவுமில்லாத நிம்மதியில் குனிந்தவர். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் ஏற்றமும் இப்படித்தான் வருகிறது: அவர் தம்மையே தாழ்த்தினார், உயர்த்தியது கடவுள். தானாக ஏறி உட்காரும் உயர்வுக்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

இந்த அளவுகோலோடு மரத் தாங்கியைப் பாருங்கள். பேசினை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் கழுவுபவர் மண்டியிட வேண்டாம், லேசாகக் குனிந்தால் போதும் என்பதுதான் இதற்கான விளம்பரமே. முட்டிவலி உள்ள குருவானவருக்கு உதவிதானே என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் காலை அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எழுபது வயதுப் பாட்டிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சிரமம் கழுவுபவரிடமிருந்து கழுவப்படுபவருக்கு இடம் மாறுகிறது. முட்டிவலிக்கு வேறு வழி இருக்கிறது: 20 செ.மீ. உயரமுள்ள குட்டி முக்காலி, அல்லது தோட்டவேலைக்கு விற்கும் தடித்த நுரைப் பஞ்சு மெத்தை. இரண்டும் கைக்கு அடக்கம். ஒவ்வொரு ஆளுக்கும் எழுந்து உட்காருவதைவிட மெத்தையைத் தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் நகர்வது முட்டிக்கு நல்லது. அதற்கு நாற்காலிகளுக்கிடையே 40 செ.மீ. இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த, ஒரே நாற்காலி போட்டு, பன்னிரண்டு பேரையும் ஒருவர்பின் ஒருவராக வரச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். குருவானவர் ஒவ்வொருவரிடமும் சென்று தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும் என்றே திருப்பலி நூல் சொல்கிறது. வரிசையில் நின்று அவரிடம் போனால் அது கிளினிக் கவுண்டர் ஆகிவிடும். பணிவிடை செய்ய வந்தவரே பேட்டி கொடுப்பவராகிவிடுவார்.

யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பது இன்னும் முக்கியம். பினாங்கு மறைமாவட்டம் உருவான அதே 1955ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை 12ஆம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தார். அதுவரை தனியாக நடந்துவந்த பாதம் கழுவும் சடங்கைப் பெரிய வியாழன் திருப்பலிக்குள்ளேயே செய்ய வழி பிறந்தது. ஆண்களுக்கு மட்டும் என்ற வரம்பு 2016 ஜனவரியில் நீங்கியது. இப்போது ஆண், பெண், இளைஞர், முதியவர், நோயாளி என்று இறைமக்களில் எவரையும் தேர்ந்தெடுக்கலாம். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையும் கட்டாயமில்லை. இருந்தும் பல பட்டியல்கள் பங்குப் பேரவைத் தலைவர், நன்கொடையாளர், விழாக்குழுச் செயலாளர் என்றே நீள்கின்றன. பெயர் விடுபட்டவர் உயிர்ப்பு ஞாயிறுவரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். சீடர்களின் வாக்குவாதம் நாற்காலி வரிசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆலயத்தைக் கூட்டுபவர், பக்கத்து ஃபிளாட்டின் காவலாளி, நோயாளித் தாயை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் மகள் என்று தொடங்குங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் காலும் கழுவப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் பந்தியை விட்டு வெளியேறியது அதற்குப் பிறகுதான்.

ஆளைத் தேர்ந்த பிறகு காலைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். பன்னிரண்டு பேரில் சிலருக்காவது சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நரம்பு மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். கொதிநீரைக் கலந்து கொண்டுவந்து ஊற்றுவது ஆபத்து. உடம்புச் சூட்டுக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீர் போதும், முழங்கையை விட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும். ஏர்கோன் இல்லாத ஆலயத்தில் குழாய்த் தண்ணீரே சரி. புண் உள்ள காலைக் கழுவக் கூடாது, மற்றக் காலை நீட்டச் சொல்லிவிடலாம். விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், அதனால் ஒவ்வொரு இடுக்காகத் துடைக்க வேண்டும். செய்ய அரை நிமிடம் கூட ஆகாது. சடங்குக்குச் செய்கிறாரா, அந்த ஆளுக்குச் செய்கிறாரா என்பது விரலிடுக்கில் தெரிந்துவிடும்.

ஒரே துண்டால் பன்னிரண்டு பேரையும் துடைத்தால் ஒருவரின் தோல்படை எல்லாருக்கும் போய்ச் சேரும். செட்டில் வரும் இரண்டு துண்டு எதற்கும் காணாது. ஆளுக்கொரு பருத்தித் துண்டு, கைக்கு மூன்று கூடுதல், ஆக 15. தேங்காய்ப்பூத் துவாலையில் 30க்கு 60 செ.மீ. அளவு போதும். புதுத்துண்டு முதல் நாளில் ஈரத்தை இழுக்காது. மென்மைத் திரவம் சேர்க்காமல் இரண்டு முறை துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். இடுப்பில் கட்ட 150 செ.மீ. நீளமுள்ள குளியல் துண்டு. குட்டையாக இருந்தால் மூன்றாவது ஆளிடம் முடிச்சு அவிழும்.

ரோஜா இதழ் போடும் ஆசை நம்மவர்களுக்கு விடாது. ஈர இதழ் விரலில் ஒட்டும், தரையில் விழுந்தால் வழுக்கும். வேண்டாம். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது வழக்கம்தான், ஆனால் பினாங்கின் கடற்காற்றில் இரண்டு நாளில் மறுபடி கறுக்கும். சரியாக அலசாவிட்டால் கறுப்பும் பச்சையும் வெள்ளைத் துண்டில் இறங்கும். பாலிஷ் போட்டுத் துடைத்தால் இன்னும் மோசம், அந்த நெடி ஆலயம் முழுக்கப் பரவும்.

சரி, எதை வாங்குவது? அதே கடையின் பின்பக்க அடுக்கில் இருக்கும் எவர்சில்வர் பேசின். வாய் 40 செ.மீ., ஆழம் 12 செ.மீ., விளிம்பு உருட்டி மடித்தது. விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் குதிகாலை அறுக்கும். இரண்டு வாங்கினால் ஒன்று நிறையும்போது மற்றது கைக்கு வரும். கெண்டிக்குப் பதிலாக ஒரு லிட்டர் எவர்சில்வர் ஜக் இரண்டு, வாய் சற்று அகலமாக. இடது கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு வலது கையால் ஊற்ற அந்த எடைதான் சரி. நாற்காலிக்குக் கீழே ரப்பர் விரிப்பு. பேசினும் ஜக்கும் சேர்ந்தே பித்தளை செட்டின் விலையில் கால்பங்கைத் தொடாது. நன்கொடை தர முன்வந்த குடும்பத்திடம் மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று கேட்டால் சங்கடப்படுவார்கள், ஏனென்றால் எவர்சில்வரில் பெயர் பொறிப்பது அவ்வளவு எடுப்பாக இருக்காது.

ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையார் போல, இராப்போஜன வழிபாட்டுக்கு முன் எல்லாரும் இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் கழுவும் மரபுள்ள சபைகளுக்குப் பித்தளை செட் எந்த வகையிலும் ஒத்துவராது. நாற்பது பேர் என்றால் இருபது ஜோடி. பத்துப் பிளாஸ்டிக் பேசின் இருந்தால் இரண்டு சுற்றில் முடிந்துவிடும். கால் முழுவதும் உள்ளே பதியும்படி அடிப்பாகமே 30 செ.மீ. இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தண்ணீரை மாற்ற ஒரு வாளியும் தனியாள் ஒருவரும் தேவை.

ஏற்கெனவே பித்தளை செட் இருக்கும் பங்கு ஆலயங்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பாதம் கழுவி முடிந்ததும் பீடத்துக்குத் திரும்புமுன் குருவானவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதற்கு அந்த மெல்லிய மூக்குக் கெண்டி அருமையாக இருக்கிறது: அரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு எலுமிச்சை, கீழே அதே பேசின். மரத் தாங்கியின் உயரமும் அதற்குக் கச்சிதம்.