தயிராகாத பால்: ஒட்டகப்பாலோடு சில வருடங்கள்

முதலில் சுவையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். ஒட்டகப்பால் லேசாக உப்புக் கரிக்கும். வெள்ளாட்டுப் பாலில் வரும் மொச்சை வாடை இதில் இல்லை. குடிக்கும்போது தண்ணீராகத்தான் இறங்கும். முடித்த பிறகு நாக்கில் ஒரு சின்ன உவர்ப்பு தங்கும். ஒட்டகம் எதை மேய்ந்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதைப் பொறுத்து அந்த உப்பு கூடும், குறையும்.

துபாய்க்குக் குடிவந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பசும்பாலோடு இதுவும் ஒரு பாட்டில் இருக்கிறது. கேமலீஷியஸ், அல் ஐன் என்ற இரண்டு பிராண்டையும் மாற்றி மாற்றி வாங்குவோம். பேரீச்சம்பழம், குங்குமப்பூ கலந்தவையும் கடையில் உண்டு. என் ஓட்டு வெறும் பாலுக்குத்தான். இனிப்பைப் போட்டுவிட்டால் எந்தப் பால் குடிக்கிறோம் என்றே தெரியாது.

ஃபில்டர் காபிக்கு இது ஆகாது. டிகாஷன் கசப்பும் பாலின் உப்பும் ஒட்டவே ஒட்டாது. ஏலம், பட்டை, கிராம்பு தட்டிப் போட்ட டீ என்றால் பிரமாதம். சோமாலியர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்.

அப்புறம் தயிர். ஒரு பால் நல்ல பாலா என்று நம் வீடுகளில் தீர்ப்புச் சொல்வது தயிர்தானே. இதில் உறை ஊற்றினால் மறுநாள் புளித்திருக்கும், ஆனால் கட்டியிருக்காது. கரண்டியில் எடுத்தால் மோராக ஒழுகும். கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயிர் இறுகுவதில் முக்கியப் பங்குள்ள கப்பா கேசின் என்ற புரதம், பசும்பாலின் கேசின் புரதங்களில் சுமார் 13 சதவீதம், இதில் 3.5 சதவீதம் அளவுதான். கொழுப்புத் துளிகளும் பொடிப் பொடியானவை, அதனால் வெண்ணெய் திரட்டுவதும் பெரும்பாடு.

ஒட்டகத்தோடு வாழ்கிற மக்கள் கட்டித் தயிருக்கு மெனக்கெட்டதாகவும் தெரியவில்லை. புளிக்க வைத்து, அப்படியே குடித்தார்கள். சோமாலியாவிலும் வட கென்யாவிலும் புகை காட்டிய குடுவையில் ஊற்றி வைத்தால் சூசாக், கஜகஸ்தானில் ஷுபாத். பாலைவன நாடோடிகளான பெதூயின்களுக்கோ பாலும் பேரீச்சம்பழமுமே ஒரு வேளைச் சாப்பாடு. நானும் இப்போது அந்தக் கட்சிதான். நல்ல குளிர்ச்சியாக ஒரு டம்ளர், கூட நான்கைந்து பழம். உப்புக்கும் இனிப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

கறப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஓமானில் சலாலா பக்கம் போக வேண்டும். கறப்பவர் ஒற்றைக் காலில் நிற்பார். இன்னொரு காலை மடக்கி, தொடைமேல் பாத்திரத்தை நிறுத்தி, இரண்டு கையாலும் பீய்ச்சுவார். முதலில் கன்றை ஊட்ட விடவேண்டும். கன்று வந்து மடியை முட்டாமல் ஒட்டகம் லேசில் பால் இறக்காது. இறக்கினாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான், அதற்குள் கறந்தாக வேண்டும். பாத்திரத்தில் பாதி நுரை. அந்தச் சூட்டோடு குடி என்று அன்பாக நீட்டுவார்கள். மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் நான் வாங்கி வந்து காய்ச்சித்தான் குடிப்பேன். 2012இல் கண்டறியப்பட்ட, மனிதர்களுக்குக் கடுமையான மூச்சுக் கோளாறு தரக்கூடிய மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களில் இருக்கிறது. காய்ச்சாத பால் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காய்ச்சாத பால் வழியாகத் தொற்றும் புரூசெல்லா என்ற பாக்டீரியாக் காய்ச்சல் வேறு இருக்கிறது.

விலை, பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒட்டகத்தின் சினைக்காலமே சுமார் 13 மாதம், கறக்கிற பாலும் கொஞ்சம் என்றால் வேறெப்படி இருக்கும்?

உடம்புக்கு என்ன செய்தது என்றால், எனக்கு வயிறு மந்தமாக இல்லை, அவ்வளவுதான். வைட்டமின் சி பசும்பாலைவிட அதிகம், உண்மை. ஆனால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இதிலும் இருக்கிறது, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்த்துக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அது வாட்ஸப்பில் ஊர் போய்ச் சேர்வதற்குள் மருந்தாகவே ஆகிவிடுகிறது. மாமனார் போன் செய்தார்: "மாப்ள, ஒட்டகப்பால் குடிச்சா மாத்திரையே வேணாமாமே?"

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க மாமா. டாக்டரைக் கேட்டுக்குங்க."

"சரி சரி. வர்றப்ப ஒரு ஒட்டகப்பால் பொடி டப்பா மட்டும் எடுத்துட்டு வாங்க. அத்தைக்குத் தெரிய வேணாம்."